மூன்று தலைமுறை அரண்மனைத் தையற்காரி

"தயாளினி சச்சிதானந்தன் மலேசியாவில் பிறந்தவர். மூன்று தலைமுறைகளாகச் சுல்தான்களின் அரண்மனைக்கு ஆடை தைத்த மலாய்க் குடும்பத்தின் வாரிசு. பாரம்பரிய மலாய் உடைகளின் வரலாற்றையும் வகைகளையும் விரல்நுனியில் வைத்திருப்பவர்."

கிழக்கு லண்டன் நூலகமொன்று தன் சனிக்கிழமை நிகழ்ச்சிக்காக அச்சிட்டு, சுவரில் ஒட்டி, இணையத்திலும் ஏற்றிவைத்த அறிமுகம் இது. பக்கத்தில் படமும் உண்டு. படத்தில் இருப்பவளின் நெற்றியில் ஒரு பொட்டு இருக்கிறது. சுல்தானின் தையற்காரிக்குப் பொட்டு எப்படி வந்தது என்று நூலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. பல்லினப் பண்பாடு என்று ஒன்றை ஏற்றுக்கொண்டுவிட்டால் அப்படியான சில்லறைக் கேள்விகள் எழுவதில்லை.

தயாளினி பிறந்தது சுழிபுரத்தில். தகப்பன் இலங்கைப் போக்குவரத்துச் சபையில் கொண்டக்டர். அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எவரும் எந்த அரசருக்கும் ஒரு பொத்தான்கூடத் தைத்துக் கொடுத்ததில்லை. அரச குடும்பம் என்று அவள் கிட்டத்தில் கண்டது காசில் பொறித்த தலையைத்தான். ஆனால் அந்த விரல்நுனி விஷயம் இருக்கிறதே, அது உண்மை. முழுப் பொய்யென்றால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். மூன்று வசனத்தில் ஒன்று உண்மையாக இருந்ததுதான் அவளுக்கு வினையாயிற்று.

கிழக்கு லண்டனின் ஃபாரஸ்ட் கேட்டில், ஸ்டேஷனுக்கு இறங்கும் றோட்டில், யோகராஜா என்பவர் உடுப்புக் கழுவித் திருத்திக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். பாரிசில் பல வருடம் வேறொருவருடைய பெயரில் கோப்பை கழுவி, பிறகு சொந்தப் பெயரோடு லண்டனுக்கு வந்து சேர்ந்தவர். கடையின் முன்பக்கம் அவருடையது. பின்பக்கத்துத் தையல் மெஷின் தயாளினியுடையது. காற்சட்டைக் கால் குறைப்பது, சாரி பிளவுசின் பக்கம் பிரித்து விடுவது, சிப் மாற்றுவது. இவை போக அவளுக்கு வேறு ஏதும் தெரியும் என்று கடைக்கு வருகிறவர்கள் நினைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அவளும் அப்படித்தான் விரும்பினாள்.

ஒரு மழை நாளில் நோர்லைலா வந்தாள். மலேசியாவில் கோத்தா பாரு என்ற ஊர்க்காரி, இங்கே ஆஸ்பத்திரியில் நேர்ஸ். கையில் ஒரு பாஜு குரோங். முழங்கால் வரை தளர்ந்து விழும் நீள்சட்டையும் கணுக்கால் தொடும் பாவாடையுமாக மலாய்ப் பெண்கள் உடுப்பது. கலியாண வீடொன்றில் யாரையோ கட்டிப்பிடித்ததில் அக்குளடியில் கிழிந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு சிறு சதுரத் துண்டு வைத்துத் தைப்பார்கள். அதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று தெரியாமல் நோர்லைலா கையைத் தூக்கிக் காட்டித் தடுமாறிக்கொண்டிருந்தாள். மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமலே தயாளினி அதன் மலாய்ப் பெயரைச் சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்கவில்லை. துணி இழுபடும் திசைக்குக் குறுக்கே வெட்டியிருக்கிறார்கள், அதுதான் கிழிந்தது, இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மலாயிலேயே சொல்லி முடித்தாள்.

பத்து வருடமாக அவள் வாயில் இல்லாத பாஷை. பூட்டிய வீட்டுக்குள் றேடியோ தன்பாட்டில் பாடியதுபோல வந்துவிட்டது. நோர்லைலா கவுண்டரின் மேலால் எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தயாளினி கையை விடுவித்துக்கொண்டு மெஷினுக்குத் திரும்பினாள்.

அந்தப் பயத்தின் காரணம் குரோய்டனில், குடிவரவு அலுவலகத்தின் கோப்பில் இருந்தது.

போர் முடிந்த வருடம், லண்டனுக்கு மூன்று மாதத்தில் சேர்ப்பேன் என்று ஏஜென்சிக்காரன் அவளைக் கொழும்பிலிருந்து கோலாலம்பூருக்கு ஏற்றினான். அந்த மூன்று மாதம் ஐந்து வருடமாக நீண்டது. யாழ்ப்பாணத்தவர்களுக்கு மலாயா புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வேக்குப் போனவர்கள் பென்சனோடு திரும்பிக் கல்வீடு கட்டினார்கள். இவள் போனதோ கடுதாசி எதுவும் இல்லாமல், கிளாங் பட்டினத்தில் ஒரு தையற்கடையின் பின்னறைக்கு. கடைக்காரி பெயர் ஜமீலா. எல்லாரும் கக் ஜமீலா என்பார்கள், அக்கா என்று அர்த்தம். நோன்பு மாதம் வந்தால் அந்தக் கடையில் மனிதர் உட்காரத் தரை தெரியாது. பெருநாளுக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரே நிறத்தில் உடுத்த வேண்டும், எல்லாம் பிறை தெரியுமுன் முடிய வேண்டும்.

தயாளினி அங்கே வெட்டுப் பழகினாள். பாஜு குரோங்குக்குத் தோளில் தையல் கிடையாது. முன்னும் பின்னும் ஒரே நீளத் துணி, தோளில் மடித்துவிடுவது. பக்கவாட்டில் கீழே விரியும் துண்டுகள், அக்குளில் சதுரம். எல்லாம் நேர்கோடு. கழுத்து மட்டும் வட்டம். அந்தக் கழுத்தின் ஓரத்தை விலாங்கு மீனின் முள்ளுப்போல நெருக்கி நெருக்கிக் கையால் தைக்க வேண்டும், பெயரும் விலாங்கு முள்ளுத்தான். முதல் வருடம் தைத்ததையெல்லாம் கக் ஜமீலா பிரித்துப் போட்டாள். இரண்டாம் வருடம் பிரிக்கவில்லை, புகழவுமில்லை.

ஒருநாள் குடிவரவுப் பொலிஸ் தெருவில் இறங்கியது. கக் ஜமீலா யோசிக்கவே இல்லை. பாதி தைத்த பச்சைக் குரோங் ஒன்றை இவள் தலைக்கு மேலால் மாட்டி, வாடிக்கையாளர் ஒருத்தியின் முக்காட்டைச் சுற்றி, கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, இடுப்பில் ஊசி குத்தத் தொடங்கினாள். பொலிஸ்காரன் எட்டிப் பார்த்தான். உடுப்பு அளவு பார்க்கும் மலாய்ப் பெண்ணொருத்தியைக் கண்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனான். தயாளினி தன் வாழ்நாளில் மலாய்க்காரியாக இருந்தது அந்தக் கால்மணி நேரம் மட்டுமே.

லண்டனுக்கு வந்து அகதிக் கேஸ் கொடுக்கும்போது ஏஜென்சிக்காரன் ஓதி அனுப்பியதைச் சொன்னாள். மலேசியாவைப் பற்றி மூச்சு விடாதே, அங்கேயே இருந்திருக்கலாமே என்று திருப்பி விடுவார்கள். ஆகவே அந்த ஐந்து வருடமும் சாவகச்சேரியில் ஒரு மாமி வீட்டில் ஒளிந்திருந்ததாகக் குரோய்டன் அதிகாரியிடம் சொன்னாள். அப்படியொரு மாமி இல்லை. ஆனால் மாமியின் கிணறு எந்தப் பக்கம், நாயின் பெயர் என்ன, மாமா எப்போது செத்தார் என்பதெல்லாம் மனப்பாடம். கேஸ் வென்றது. அவள்மேல் நடந்தவற்றில் பெரும்பகுதி உண்மை, அந்த உண்மைக்கே அகதி அந்தஸ்துக் கிடைத்திருக்கும் என்று பின்னால் ஒரு வக்கீல் சொல்லப்போகிறார். தேவையில்லாத பொய்யைச் சொல்லித் தேவையானதைப் பெற்றுக்கொண்டவள் என்றுதான் அவளைச் சொல்ல வேண்டும். இப்போது சிற்றிசனுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். கணவர் சச்சிதானந்தனின் விசாவும் அவளுடையதில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

இந்த நிலையில்தான் நோர்லைலா நூலகக்காரர்களோடு சேர்ந்து மலாய் உடைகளைப் பற்றி ஒரு நிகழ்ச்சி ஒழுங்கு செய்தாள். அவளுடைய தாய் ஊரிலிருந்து வந்து நிற்கிறாள், பெட்டி நிறைய உடுப்புக் கொண்டுவந்திருக்கிறாள். வரலாறு சொல்லப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் இருக்கிறார். வெட்டித் தைத்துக் காட்டத்தான் ஆள் வேண்டும். தயாளினி இரண்டு தடவை மறுத்தாள். மூன்றாம் தடவை, பெயர் போடாமல் பின்னால் இருந்து தைக்கிறேன் என்றாள். ஏன் அதற்காவது ஒப்புக்கொண்டாள் என்பதற்கு அவளிடம் நல்ல காரணம் இல்லை. கோயிலில், கலியாண வீட்டில், மற்றப் பெண்கள் தாங்கள் பட்டதைச் சொல்லும்போது அவள் இல்லாத மாமியின் கிணற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பாள். உண்மையான ஐந்து வருடம் கைக்கு மட்டும் தெரிந்த சங்கதியாகக் கிடந்தது.

அறிமுகம் சுவரில் ஏறியதும் நேரே யோகராஜாவிடம் போனாள்.

"அண்ணை, இதை ஆர் சொன்னது?"

"வேறை ஆர், நான்தான். நீ சாப்பிடப் போன நேரம் லைப்ரரிப் பிள்ளை போன் அடிச்சது. பேரும் படமும் கேட்டது, கடைத் திறப்பு விழாப் படம் ஒண்டு கிடந்தது, அனுப்பினனான்."

"நான் மலேசியாவிலை பிறந்தனான் எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

"பின்னை? அங்கை இருந்தவள் எண்டால் எப்ப போனவ, எப்ப வந்தவ, என்ன விசா எண்டு கேள்வி வரும். பிறந்தவள் எண்டால் கேள்வி முடிஞ்சுது. பிறக்கிறதுக்கு ஆரும் விசா கேக்கிறேல்லை, பிள்ளை."

"அரண்மனை?"

"அது கடைக்கு."

அவளுடைய இரகசியம் தெரிந்த இரண்டு பேரில் யோகராஜா ஒருவர். அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் செய்தார். பொய்யென்றால் அலுமாரி அளவுக்கு இருக்க வேண்டும், கைப்பை அளவுப் பொய்யைத்தான் திறந்து பார்ப்பார்கள் என்பது பாரிசில் அவர் கற்ற பாடம். அந்தப் பாடம் பொலிசுக்குச் சரி. குரோய்டனில் அவள் இலங்கைக்காரி என்று எழுதி வைத்திருக்கிறாள் என்பதும், நூலகத்தின் இணையத்தில் அதே பெயர், அதே முகம் மலேசியாவில் பிறந்ததாக நிற்கிறது என்பதும் அவர் கணக்கில் சேரவில்லை. ஐந்து வருடத்தை மறைக்கப்போய் ஊரையே மாற்றிவிட்டார். சொல்லிக் காட்டியபோது, "அதுவும் ஒரு கதைதான்" என்றார்.

நூலகத்துக்குப் போன் எடுத்தாள். அந்தப் பிள்ளை மிக மரியாதையானவள். பிழை என்றால் உடனே திருத்திவிடலாம், பிறந்த இடம் எது, மலாய் உடை தைக்க எங்கே, எந்தக் காலத்தில் பழகினீர்கள், சரியான விபரத்தைச் சொல்லுங்கள், இப்போதே மாற்றுகிறேன் என்றாள். சரியான விபரம் என்றால் அந்த ஐந்து வருடத்தையும் சொல்ல வேண்டும். பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும் என்றாள் தயாளினி.

சச்சிதானந்தன் வால்தம்ஸ்டோவில் தெரிந்த வக்கீலிடம், நண்பர் ஒருவருக்கு இப்படி என்று சொல்லி விசாரித்தார். வக்கீல்மாருக்கு இந்த நண்பரைப் பல காலமாகத் தெரியும். நண்பர் தானாகச் சொன்னால் ஒரு மாதிரி, குரோய்டன்காரர்கள் கண்டுபிடித்தால் இன்னொரு மாதிரி, இரண்டும் நல்ல மாதிரி இல்லை என்றார் வக்கீல். வேலை முடிந்து வந்த சச்சிதானந்தன் சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார்.

"நீ போகாதை தயா. காய்ச்சல் எண்டு சொல்லு."

"படம் அங்கை கிடக்குது. காய்ச்சலுக்குப் படம் கழண்டு விழுமோ?"

"அப்ப போய்த் தைச்சுப்போட்டு வா. வாயைத் திறவாதை. கேட்டால் அண்ணை சொன்னமாதிரிச் சொல்லு. என்ரை விசாவும் இதிலைதான் இருக்கு, மறந்துபோடாதை."

அவர் சொன்னதில் பிழையில்லை. அதனால்தான் அவளுக்குக் கோபம் வரவும் வழியில்லாமல் போயிற்று. யோகராஜா தன் பங்குக்கு, எந்த அரண்மனை என்று கேட்டால் பேராக் சுல்தானுடையது என்று சொல்லு, சொல்ல லேசு என்று பாடம் கொடுத்தார்.

சனிக்கிழமை பின்னேரம் நூலகத்தின் மேல்மாடி நிறைந்திருந்தது. நோர்லைலாவின் தாய் முன்வரிசையில், நாவல் நிறக் குரோங்கில். மேசையில் உடுப்புகள் விரித்திருந்தன. பொன்னிழை ஓடும் சொங்கெட் துணி, ஆண்கள் சட்டைக்கு மேலால் இடுப்பில் சுற்றும் குட்டைச் சாரம், முன்பக்கம் ஊசிப்பதக்கங்களால் பூட்டும் கெபாயாச் சட்டை. நோர்லைலா அப்போதுதான் அறிமுகத் தாளை வாசித்திருந்தாள். ஆஸ்பத்திரி வேலையில் முன்பு வாசிக்க நேரம் கிடைத்திருக்கவில்லை. தயாளினியைப் பார்த்தாள். துணியையும் கத்தரிக்கோலையும் அவள்முன் வைத்துவிட்டுத் தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தன்னைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள் என்று தயாளினிக்குப் பட்டது. குரோய்டனுக்குப் பயந்துகொண்டிருந்தவள் இந்தப் பக்கத்தை நினைத்திருக்கவில்லை.

விரிவுரையாளர் நன்றாகப் பேசினார். குரோங் என்றால் அடைத்து வைப்பது என்று பொருள். உடம்பின் வடிவத்தை அடைத்து வைக்கிற உடை. முற்காலத்தில் அது குட்டையாக, இறுக்கமாக இருந்தது, ஆணும் பெண்ணும் உடுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொகூர் பக்கம் நீண்டு தளர்ந்ததாகச் சொல்வார்கள். ஆண்களின் சட்டையில் கழுத்துப்பட்டி இல்லாதது ஒரு வகை, நிமிர்ந்த பட்டி வைத்தது இன்னொரு வகை. கெபாயாவின் கதை இன்னும் சிக்கல். பெயர் அரபியிலிருந்து என்பார்கள், போர்த்துக்கேயர் பரப்பினார்கள் என்பார்கள், யாவாக்காரரும் சீன வம்சாவழியினரும் எங்களுடையது என்பார்கள். இலங்கையின் தென்கரையில்கூட அதற்கு ஒரு தங்கை உண்டு. ஆகவே இதுதான் பிறந்த இடம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்று முடித்தார். சபை மகிழ்ந்து தலையாட்டியது. பிறந்த இடம் தெரியாமலிருப்பது உடைக்குப் பெருமை. மனிதருக்கு அப்படி ஒரு சலுகையை இன்னும் ஒருவரும் கொடுக்கவில்லை.

பிறகு நூலகப் பிள்ளை அறிமுகத்தை வாசித்தாள். மூன்று தலைமுறை, அரண்மனை, எல்லாம் கணீரென்று. கைதட்டினார்கள். தயாளினி தலையைக் குனிந்து துணியைத் தோளில் மடித்து, கழுத்துக்கு வட்டம் வெட்டி, ஓரத்தைத் தைக்கத் தொடங்கினாள். முன்வரிசையில் இருந்த தாய் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். விலாங்கு முள்ளைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. வஞ்சகமில்லாத மனுசி. மலாயில் அன்பாகக் கேட்டாள். எந்த அரண்மனை மகளே, யாரிடம் பழகினாய்?

பேராக் என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. பேராக்கில் அவள் கால் வைத்ததில்லை. பேராக் என்றால் எந்தத் தெரு, தாய் பெயர் என்ன, பாட்டி யாருக்குத் தைத்தாள் என்று வரும். புதிதாக ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு நாய், மூன்று தலைமுறை. சாவகச்சேரி மாமி ஏற்கெனவே மண்டைக்குள் முழு இடத்தையும் பிடித்துக்கொண்டு இருந்தாள். இன்னொரு குடும்பத்தைக் குடியேற்ற அங்கே வசதியில்லை. வீரம் என்றோ மனச்சாட்சி என்றோ இதற்குப் பெயர் வைக்க வேண்டாம். களைத்துப்போனாள், அவ்வளவுதான்.

அரண்மனை இல்லை அம்மா, கிளாங்கில் ஒரு கடை, கக் ஜமீலா என்பவர் பழக்கினார், நான் மலாய்க்காரி இல்லை, யாழ்ப்பாணத்துத் தமிழ், அங்கே கடுதாசி இல்லாமல் ஐந்து வருடம் இருந்தேன் என்று மலாயில் சொன்னாள்.

தாய் அவள் தோளைத் தொட்டாள். சபைக்கு ஒன்றும் விளங்கவில்லை. நூலகப் பிள்ளை சிரித்த முகத்தோடு மைக்கைக் கொண்டுவந்து, எல்லாருக்குமாக ஆங்கிலத்தில் சொல்ல முடியுமா என்று கேட்டாள். நிகழ்ச்சியை வேறு படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் நின்ற சச்சிதானந்தனுக்கு மலாய் தெரியாது, ஆனால் ஜமீலா என்ற பெயர் தெரியும். அவர் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார்.

நோர்லைலாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெளிநாட்டில் விசாவோடு காலம் தள்ளுகிறவளுக்கு மேலே விளக்கம் தேவையில்லை. சட்டென்று எழுந்து மைக்கைத் தன் பக்கம் இழுத்து, ஒன்றுமில்லை, என் தாயிடம் நலம் விசாரித்தார் என்று சபைக்குச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தயாளினியைப் பார்த்தாள். கதவு திறந்திருக்கிறது, போய்விடு என்கிற பார்வை.

போயிருக்கலாம். சபை அடுத்த கெபாயாவுக்குப் போகத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் பத்து வருடத்தில் முதல்தடவை வாய்விட்டுச் சொன்ன பெயர் ஒரு நலம் விசாரிப்பாகக் கரைந்து போவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கையை நீட்டி மைக்கை வாங்கினாள். சொன்னதையே ஆங்கிலத்தில், மெதுவாக, வருடத்தோடு திரும்பச் சொன்னாள். மலாயில் சொன்னது வாய்தவறியதாக இருக்கலாம். இரண்டாம் முறை சொன்னதை அப்படி யாரும் சொல்ல முடியாது.

சபை அதற்கும் கைதட்டியது. எதற்கும் தட்டுகிற சபை. மிக அருமையான பயணம் என்றாள் நூலகப் பிள்ளை. சச்சிதானந்தன் படியிறங்கிப் போனார்.

வீட்டில் அவர் இரண்டு கிழமை அவளோடு பேசவில்லை. பிறகு ஒருநாள், "எப்ப போவம் வக்கீலட்டை?" என்று மட்டும் கேட்டார். யோகராஜா கேள்விப்பட்டுத் தலையில் கை வைத்தார். அலுமாரியைத் தந்தால் அதையும் திறந்து காட்டிவிட்டு வந்திருக்கிறாள் என்று கடைக்கு வந்தவரிடமெல்லாம், பெயர் சொல்லாமல், குறைப்பட்டார். நோர்லைலா வந்து தாயின் உடுப்பொன்றைத் திருத்தக் கொடுத்துவிட்டுப் போனாள். பழையபடி கையைப் பிடிக்கவில்லை. பிடிக்காமலும் போய்விடவில்லை, விரல்களைத் தொட்டாள்.

வக்கீல் எல்லாவற்றையும் கேட்டு, யோசித்துச் செய்யுங்கள், சிற்றிசன் கிடைக்காமல் போகலாம், கையில் இருப்பதையும் கிளறலாம் என்று எச்சரித்தார். பிறகு எழுதி அனுப்பிய கடுதாசிக்குக் குரோய்டனிலிருந்து பதில் இன்னும் வரவில்லை. தபால்காரன் வரும் நேரம் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை.

அந்தக் கடுதாசியில் தயாளினி சாவகச்சேரி மாமியை விலக்கிக்கொண்டு, கிளாங்கில் ஐந்து வருடம் கக் ஜமீலாவின் கடையில் உடுப்புத் தைத்ததாகக் கையெழுத்து வைத்தாள்.